கூலரா, ஏசியா, மின்விசிறி போதுமா? டெல்லியில் பள்ளிக்கூடம் கட்டுபவர்களுக்கு

மயூர் விஹாரில் ஒரு பள்ளியின் நிர்வாகக் குழுவில் இருக்கும் நண்பர் சென்ற மாதம் போன் செய்தார். "புதுக் கட்டடம் எழுப்புறோம் சார். நாலு மாடி, இருபத்து நாலு வகுப்பறை. எல்லாத்துக்கும் ஏசி போட்டா பில் கட்டி மாளாது. போடலைன்னா பேரன்ட்ஸ் பக்கத்து ஸ்கூலுக்குப் போயிடுவாங்க. கூலர் வச்சு சமாளிச்சுடலாமான்னு செயலாளர் கேக்கறார். நீங்க என்ன சொல்றீங்க?" அதற்கு முந்தைய வாரம் துவாரகாவிலிருந்து ஒரு முதல்வர் அம்மா இதையே கேட்டிருந்தார். அதற்கும் முன்னால் ரோகிணியில் ஒரு பெற்றோர் குழு. ஆள்தான் வேறு, கேள்வி ஒன்றுதான். அதனால் எழுதியே விடலாம் என்று உட்கார்ந்தேன்.

கட்டடங்களுக்கு மின்சாரமும் குளிர்விப்பும் வடிவமைத்துத் தருவது என் தொழில். டெல்லிக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீடு, ஆபீஸ், மருத்துவமனை எல்லாம் செய்திருக்கிறேன். பள்ளிக்கூடம் அவற்றில் எதைப்போலவும் இல்லை என்பதைப் புரிந்துகொள்ளவே எனக்குச் சில வருஷம் பிடித்தது.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் நாள்காட்டி. "டெல்லி வெயிலுக்கு எது நல்லது?" என்று கேட்டுத் தொடங்கினால் தவறான பதிலில்தான் போய் நிற்போம். பள்ளி திறந்திருக்கும் நாட்களில் டெல்லி எப்படி இருக்கிறது என்பதே கேள்வி. 42, 44 டிகிரி அடிக்கும், லூ என்னும் அனல்காற்று வீசும் மே பிற்பாதியும் ஜூனும் விடுமுறை. கத்திரி வெயிலில் முதல் ஒரு வாரம்தான் பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். ஜூலையில் அவர்கள் திரும்பி வரும்போது மழை தொடங்கியிருக்கும். ஊரில் ஆடி என்றால் காற்று. டெல்லியில் ஆடி என்றால் புழுக்கம். வெப்பமானி 34 டிகிரிதான் காட்டும், ஆனால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அக்டோபர் சுகமாக இருக்கும். நவம்பரில் புகை. மார்கழிக் காலையில் 5, 6 டிகிரிக் குளிரில் பிள்ளைகள் ஸ்வெட்டர் கைக்குள் விரலை ஒளித்துக்கொண்டு எழுதுவார்கள்.

வேலைநாட்களாக எண்ணிப் பாருங்கள். ஏப்ரலும் மே முதல் வாரமும் சேர்ந்து வறண்ட வெயில் சுமார் 30 நாள். ஜூலை முதல் செப்டம்பர் வரை புழுக்கம் 65, 70 நாள். அதாவது பள்ளிக்கு டெல்லியின் பெரிய எதிரி வெயில் இல்லை, ஈரம். இந்த ஒரு கணக்கு கீழே வரும் பல முடிவுகளைத் தலைகீழாக மாற்றப் போகிறது.

இரண்டாவது, மூச்சுக்காற்று. ஆபீஸில் பத்துப் பேர் இருக்கும் இடத்தில் வகுப்பறையில் நாற்பது பேர் இருக்கிறார்கள். வெளிக்காற்றில் கரியமில வாயு 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 420 பங்கு) அளவில் இருக்கும். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திய அறையில் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்தால் ஒரு பீரியட் முடிவதற்குள் 2,000-ஐத் தாண்டிவிடும். தலை கனக்கும், கண் சொருகும். பாடம் ஏறாது.

மூன்றாவது, மொத்தச் செலவு. கொட்டேஷனில் இருப்பது வாங்கும் விலை மட்டும். மின்வாரியத்தில் அனுமதி வாங்கும் உச்ச மின் அளவான சாங்ஷன்டு லோடு, அதற்கு மாதாமாதம் கட்டும் நிலைக் கட்டணம், தடித்த கேபிள், தண்ணீர், ஃபில்டர், எட்டு பத்து வருஷத்தில் வரும் மறு கொள்முதல் எதுவும் அதில் இருக்காது.

நான்காவது, யார் பார்த்துக்கொள்வது. பெரும்பாலான பள்ளிகளில் ஒரே ஒரு எலெக்ட்ரீஷியன்தான். மோட்டாரும் அவரே, மைக்கும் அவரே. அவரால் எதை ஓட்ட முடியுமோ அதுதான் பத்து வருஷம் ஓடும்.

சத்தம், கரண்ட் போனால் என்ன ஆகும் என்ற இரண்டையும் போகிற போக்கில் சொல்கிறேன்.

## வழி 1: கட்டடத்தைக் குளிரவைத்து மின்விசிறி மட்டும்

இரண்டு வருஷத்துக்கு முன் ஜூலைக் கடைசியில் கிழக்கு டெல்லியில் ஒரு பள்ளியின் மேல்மாடி வகுப்புக்குப் போனேன். மதியம் ஒரு மணி. தூரத்திலிருந்தே சூட்டை அளக்கும் வெப்பமானியைக் கூரையின் அடிப்பக்கம் காட்டினேன்: 43 டிகிரி. நான்கு மின்விசிறிகள் முழு வேகத்தில் சுற்றி, கூரையடியில் தேங்கிய சூட்டை எடுத்துப் பிள்ளைகள் தலையில் இறக்கிக்கொண்டிருந்தன. நோட்டு அட்டையால் விசிறிக்கொண்டிருந்த ஒரு பெண், "மேல ஃபேன் இல்லாட்டியே நல்லா இருக்கும் அங்கிள்" என்றாள். நேர் கீழே, இரண்டு மாடி இறங்கி அதே அளவு அறையில் கூரையை அளந்தேன்: 33. ஒரே கட்டடம், ஒரே மணி, பத்து டிகிரி வித்தியாசம்.

காரணம் எளிது. கோடையில் டெல்லியில் உச்சி வெயில் ஏறக்குறைய நேர் மேலே நிற்கும். சுவரைவிட மொட்டை மாடிதான் அடி வாங்கும். 50 சதுர மீட்டர் வெறும் கான்கிரீட் கூரை வழியாக, நல்ல வெயில் மதியத்தில், சுமார் 4 கிலோவாட் சூடு அறைக்குள் இறங்கும். அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் உடல் வெளிவிடும் சூடு 100 வாட்டை ஒட்டி வரும். நாற்பது பேருக்கு 4 கிலோவாட். ஆக, மேல்மாடி வகுப்பில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வகுப்பு உட்கார்ந்திருக்கிறது. அதை வெளியே அனுப்பாமல் எந்தக் கருவி வாங்கினாலும் பணம் வீண்.

அனுப்பும் வழி பழையதுதான். நம் ஊரில் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, தட்டி இறுக்கிச் சுர்க்கி தளம் போட்டார்கள். டெல்லியில் மண் பரப்பி அதன்மேல் செங்கல் பதிக்கும் மட் பஸ்கா. இன்று அந்த வேலைக்கு 50 மில்லிமீட்டர் வெப்பத்தடுப்புப் பலகை, அதன்மேல் வெள்ளை ஓட்டுத்துண்டு பதித்த சைனா மொசைக். வெள்ளைப் பெயின்ட் மட்டும் அடித்தால் செலவு குறைவுதான், ஆனால் டெல்லித் தூசியில் ஒரே வருஷத்தில் பழுப்பாகிவிடும். வருஷா வருஷம் மார்ச் கடைசியில் கழுவ வேண்டும், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும். அடுத்து, வெள்ளை மட்டும் போட்டுத் தடுப்பு போடாவிட்டால் மார்கழியில் மேல்மாடி இன்னும் குளிரும். இரண்டும் சேர்ந்தால்தான் இரண்டு பருவத்துக்கும் சரி.

ஜன்னல் விஷயத்தில் நம்மவர்கள் ஒரு தவறு செய்வதைப் பார்த்திருக்கிறேன். சென்னைப் பழக்கத்தில் தென்றலுக்காகத் தெற்கு ஜன்னல் என்று யோசிப்பார்கள். டெல்லியில் தெற்கு ஜன்னலின் பலன் தை மாதத்து வெயில். டிசம்பர் மதியத்தில் சூரியன் அடிவானத்திலிருந்து 38 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், அந்த வெயில் வகுப்பின் நடுவரை வரும். ஜூனில் 85 டிகிரி உயரத்தில் நிற்பதால், இரண்டடி சன்ஷேடு போட்டாலே தெற்கு ஜன்னலில் வெயில் படாது. ஆகவே நீளமான பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். மேற்கில் மாடிப்படி, கழிவறை, ஸ்டோர் ரூம். மேற்கு வெயிலுக்கு எந்த சன்ஷேடும் உதவாது. சூரியன் சாய்ந்து நேராக உள்ளே பார்க்கும்.

மின்விசிறி என்றால் பிஎல்டிசி, அதாவது குறைந்த மின்சாரத்தில் சுற்றும் மோட்டார் வைத்தது. சாதாரணமானது 75 வாட் இழுக்கும், இது 30 வாட்டை ஒட்டி. அறைக்கு நான்கு என்று 24 அறைக்கு 96 விசிறி: 7.2 கிலோவாட் இழுக்க வேண்டியது 2.9 கிலோவாட்டில் முடியும். கரண்ட் போனாலும் நடுத்தர இன்வெர்ட்டர் ஒன்றில் பள்ளி முழுக்க விசிறி சுற்றும். டீசல் ஜெனரேட்டருக்கு டெல்லியில் இன்று இருக்கும் கட்டுப்பாடுகளைப் பார்த்தால் இது சின்ன விஷயம் இல்லை. புதுக் கட்டடத்தில் விலை வித்தியாசம் மூன்று வருஷத்துக்குள் திரும்பி வந்துவிடும். எல்இடி விளக்கைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, இன்று வேறு எதையும் யாரும் போடுவதில்லை.

இந்த வழியின் எல்லை எங்கே? கீழ்மாடிகளில், எதிரெதிர் ஜன்னல் இருந்தால், ஏப்ரலிலும் செப்டம்பரிலும் போதும். உடம்பில் படும் காற்று இரண்டு மூன்று டிகிரி குறைந்த மாதிரி உணரவைக்கும். ஆகஸ்டின் மோசமான நாட்களில் பிள்ளைகள் வியர்ப்பார்கள், அதை மறைக்க முடியாது. நவம்பரிலோ ஜன்னலைத் திறப்பதுதான் ஆபத்து. 2024 நவம்பர் 18 அன்று டெல்லியின் காற்றுத் தரக் குறியீடு 490-ஐத் தாண்டியது. பள்ளிகள் ஆன்லைனுக்குப் போயின. அந்த அளவு வராத நாட்களிலும் நவம்பர் முழுக்கப் பிள்ளைகள் அந்தக் காற்றைத்தான் இழுக்கிறார்கள்.

## வழி 2: கூலர்

செயலாளர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. டெல்லி வீடுகளை எத்தனையோ கோடையில் காப்பாற்றிய கருவி கூலர். சில கூலர்களில் வைக்கும் கஸ் என்பது நம் வெட்டிவேர்தான். அந்த வாசனையோடு வரும் காற்று எனக்கும் பிடிக்கும்.

ஆனால் நாள்காட்டியை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். மே பிற்பாதியில் 42 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் நல்ல கூலர் 28, 29 டிகிரிக் காற்றைத் தரும். அருமை. அந்த நாட்களில் வகுப்பில் யாரும் இல்லை. ஆகஸ்டில் 34 டிகிரி, 70 சதவீத ஈரம்: அதே கூலர் 30 டிகிரிக் காற்றை, நீராவியில் தோய்த்துக் கொடுக்கும். வியர்வை உலராது, நோட்டுத் தாள் நமுத்துப் போகும். கூலர் தன் முழுத் திறமையைக் காட்டும் நாட்களில் பள்ளி பூட்டிக் கிடக்கிறது. உண்மையில் பலன் தரும் வேலைநாட்கள் 30-தான்.

மறைந்த செலவுகள் அடுத்து. வறண்ட நாளில் ஒரு பெரிய கூலர் மணிக்கு 10 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். அறைக்கு இரண்டு, ஆறு மணி நேரம், 24 அறை: நாளுக்கு மூவாயிரம் லிட்டரை ஒட்டி வரும். டேங்கர் வாங்கும் பேட்டையில் இருந்தால் இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். போர்வெல் தண்ணீர் என்றால் உப்பு படிந்து, தண்ணீர் ஊறும் பேட் இரண்டு சீசனில் கல்லாகிவிடும். சத்தத்தில் ஆசிரியர் தொண்டை போகும். கடைசி பெஞ்சுக்குப் பாடம் கேட்காது. அடுத்து டெங்கு. மழைக்காலத்தில் கூலர் தொட்டியில் தண்ணீர் தேங்கினால் மாநகராட்சி ஆட்கள் வந்து புழு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், நோட்டீஸ் கொடுப்பார்கள். பார்ப்பது நியாயம், குழந்தைகள் இருக்கும் இடம். நான் பார்த்த ஒரு பள்ளியில் முப்பது கூலர் வாங்கினார்கள். மூன்றாம் வருஷம் ஓடியவை பதினொன்று. மீதி எல்லாம் மாடிப்படிக்குக் கீழே துருப்பிடித்துக் கிடந்தன.

கூலருக்கு இடமே இல்லையா? இருக்கிறது. சாப்பாட்டுக் கூடம், திறந்த பிரேயர் ஹால், உள்விளையாட்டுக் கொட்டகை, ஒர்க்‌ஷாப். பெரிய, திறந்த, கூட்டம் வந்து போகிற இடங்கள். ஜூனில் கோடை முகாம் நடத்தும் பள்ளிக்கும் இந்த இடங்களில் கூலரையே சொல்வேன். வாங்கினால் தேன்கூட்டு பேட் வைத்த, கூரைமேல் நிற்கும் ஒரே பெரிய கூலராக வாங்குங்கள். பார்த்துக்கொள்ள ஓர் இடம், காலி செய்ய ஒரு தொட்டி.

## வழி 3: அறைக்கு அறை ஸ்ப்ளிட் ஏசி

பெற்றோர் கேட்பது இதைத்தான். வாங்குவது சுலபம், எந்தத் தெருவிலும் மெக்கானிக் உண்டு, ஒன்று கெட்டால் ஒன்றுதான் கெடும். இந்த மூன்றும் நிஜமான பலங்கள்.

பில் பயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். அறைக்கு ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி இரண்டு. இரண்டும் சேர்ந்து சராசரி 2 கிலோவாட் இழுக்கும் என்று வையுங்கள். 100 வேலைநாள், நாளுக்கு 5 மணி: 1,000 யூனிட். 24 அறைக்கு 24,000 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று கணக்குக்காக எடுத்தால் வருஷத்துக்கு 2.4 லட்சம். பிள்ளைக்கு 250 ரூபாய். பலர் பயப்படும் அளவுக்கு இல்லை.

வலி வேறு இடத்தில் இருக்கிறது. 48 ஏசிக்கு 75, 80 கிலோவாட் கூடுதல் லோடு வேண்டும். அதற்கான நிலைக் கட்டணம் பன்னிரண்டு மாதமும் ஓடும். மே, ஜூன் விடுமுறையிலும், டிசம்பரிலும். கேவிஏவுக்கு (லோடை அளக்கும் அலகு, ஏறக்குறைய ஒரு கிலோவாட்) மாதம் 250 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அதுவே வருஷத்துக்கு இன்னொரு 2.4 லட்சம் வந்துவிடும். எரித்த கரண்டுக்குக் கொடுப்பது எவ்வளவோ, எரிக்காததற்கும் அவ்வளவு. லோடு ஒரு அளவைத் தாண்டினால் 11 கேவி இணைப்பு, சொந்த ட்ரான்ஸ்ஃபார்மர், அதற்கு ஓர் அறை என்று போகும். இதோடு 48 ஏசியும் எட்டு பத்து வருஷத்தில் மாற்ற வேண்டியவை. விடுமுறைக்காலம் நீளமான பள்ளியில், இணைத்து வைக்கும் ஒவ்வொரு கிலோவாட்டும் பாரம்.

இன்னொரு குறை இன்னும் பெரியது. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டு வராது. அறையில் இருக்கும் அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும். இது தெரியாத நிர்வாகிகள்தான் அதிகம். ஒரு செப்டம்பர் காலையில் கரியமில வாயு மீட்டரை ஏசி வகுப்பின் கடைசி மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். 9.10-க்கு 700. 9.45-க்கு 2,400. பிறகும் ஏறிக்கொண்டே போனது. அறை குளுகுளு என்றுதான் இருந்தது, ஆனால் கடைசி வரிசையில் மூன்று தலைகள் மேசையில் சாய்ந்துவிட்டன. "மூணாவது பீரியட்டுல எனக்கே கொட்டாவி வருது சார், பசங்களை என்ன சொல்றது" என்றார் தமிழ் டீச்சர். பிள்ளைகள் சோம்பல் என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறார்கள். கதவையும் இரண்டு ஜன்னலையும் திறந்து வைத்தோம். பத்து நிமிஷத்தில் 1,100-க்கு இறங்கியது. குளிரும் போய்விட்டது.

எந்தப் பள்ளிக்கு இது சரி? வாடகைக் கட்டடத்தில் நடக்கும் சின்னப் பள்ளி. குளிர வேண்டிய அறைகள் ஆறு எட்டுதான் என்றால். கட்டடம் ஏற்கெனவே நிற்கிறது, காற்று போகும் டக்ட் போட இடமில்லை என்றால். வாங்கும்போது ஆர்-32 அல்லது ஆர்-290 வாயுவில் ஓடும் 5 ஸ்டார் ஏசியாகப் பாருங்கள்; பழைய ஆர்-410ஏ வாயு பூமியைச் சூடாக்குவதில் ஆர்-32-ஐவிட மூன்று மடங்கு. 26-ல் வைத்து விசிறியை மெல்ல ஓடவிடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇ சொல்வது. 2020 ஜனவரியிலிருந்து இங்கே விற்கும் ஏசிகள் போட்டதும் 24-ல்தான் ஓடத் தொடங்க வேண்டும் என்பதும் அவர்கள் விதிதான். ஜன்னல்கள் மட்டும் திறக்கக்கூடியவையாகவே இருக்கட்டும். கண்ணாடியை நிரந்தரமாக அடைத்த வகுப்பில் ஆகஸ்டில் கரண்ட் போனால் பிள்ளைகளை வெளியே கூட்டி வருவதைத் தவிர வழியில்லை.

## வழி 4: விஆர்எஃப்பும் வடிகட்டிய வெளிக்காற்றும்

விஆர்எஃப் என்பது மொட்டை மாடியில் ஒரு பெரிய வெளி யூனிட், அதிலிருந்து பல அறைகளுக்குச் செம்புக் குழாய். எத்தனை அறை ஓடுகிறதோ அந்த அளவுக்கு மட்டும் கம்ப்ரஸர் உழைக்கும். மாலை ஐந்து மணிக்கு ஆபீஸ் அறை மட்டும் ஓடினாலும் சமாளிக்கும். எல்லா அறையும் ஒரே நேரத்தில் உச்சத்தில் ஓடாது என்பதால் லோடும் ஓரளவு குறைத்து வாங்கலாம்.

வாங்கும் விலை டன்னுக்கு ஸ்ப்ளிட்டைவிடக் கணிசமாகக் கூடும். வெளி யூனிட்டின் போர்டு போனால் ஒரு மாடி முழுக்க நிற்கும். குழாய் இணைப்பில் வாயு கசிந்தால் எங்கே என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆகலாம். தெரு மெக்கானிக் தொட முடியாது, வருஷ ஒப்பந்தம் கட்டாயம். பள்ளியின் ஒரே எலெக்ட்ரீஷியன் இங்கே வெறும் பார்வையாளர்.

என் கண்ணில் இந்த வழியின் உண்மையான மதிப்பு விஆர்எஃப் இல்லை, அதோடு வரும் வெளிக்காற்று ஏற்பாடு. இஆர்வி என்பார்கள். வெளியே போகும் குளிர்ந்த காற்றும் உள்ளே வரும் சூடான காற்றும் ஒரு தாள் சுவரின் இருபக்கமும் ஓடி, சூட்டையும் ஈரத்தையும் மாற்றிக்கொள்ளும். இது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. நாற்பது பேருக்கு நொடிக்கு 260 லிட்டர் வெளிக்காற்று தேவை. ஆகஸ்டின் ஈரக் காற்றை அந்த அளவு உள்ளே விட்டுக் குளிர்வித்து உலர்த்த இரண்டரை டன்னுக்கு மேல் ஏசி வேண்டும். நாற்பது பிள்ளைகளின் சூட்டைப்போல இரண்டு மடங்கு! ஸ்ப்ளிட் கொட்டேஷன் மலிவாகத் தெரிவதற்குக் காரணம் இந்த இரண்டரை டன்னை அதில் யாரும் சேர்ப்பதில்லை. நல்ல இஆர்வி அந்தச் சுமையில் பாதிக்கு மேல் மிச்சம் பிடித்துவிடும்.

நவம்பரில் கம்ப்ரஸரை அணைத்துவிட்டு இஆர்வியை மட்டும் ஓட்டலாம். நல்ல ஃபில்டர் வழியாகப் புகை நீக்கிய காற்று, உள்ளே இருக்கும் வெதுவெதுப்பைப் பெரிதும் இழக்காமல் வரும். அறைக்கு இரண்டு ஏர் பியூரிஃபையர் வைப்பதைவிட இது மேல். பியூரிஃபையர் தூசியை எடுக்கும், கரியமில வாயுவை எடுக்காது. ஃபில்டர் செலவு உண்டு. டெல்லிக் குளிர்காலத்தில் ஒரு சீசனுக்கு ஒரு செட் என்று பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள். அடைத்த ஃபில்டரோடு ஓடும் இஆர்வி வெறும் சத்தம்தான் தரும்.

முழு ஏசி வளாகம், ஆடிட்டோரியம், மாலை வகுப்புகள், முழுநேரப் பராமரிப்பு ஆட்கள் எல்லாம் இருக்கும் பெரிய பள்ளிக்கு விஆர்எஃப் சரி. மற்றவர்கள் இஆர்வியை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

நிலத்தடிக் குழாய் வழியாகக் காற்றை இழுத்துக் குளிர்விக்கும் முறையைப் பற்றியும் கேட்கிறார்கள். குருகிராம் பக்கம் குவால் பஹாடியில் டெரி என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனத்தின் ரிட்ரீட் பயிற்சி வளாகத்தில் அது இருக்கிறது. தங்கும் அறைகளுக்கு நல்ல முறை. நாற்பது பேர் அடைந்திருக்கும் வகுப்புக்கு, மழைக்கால ஈரத்தை அது நீக்காது. தோண்ட மைதானமும் வேண்டும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | விசிறி + கூரை | கூலர் | ஸ்ப்ளிட் ஏசி | விஆர்எஃப் + இஆர்வி |
|---|---|---|---|---|
| ஏப்ரல் வெயில் | கீழ்மாடிகளில் போதும் | மிக நன்று | நன்று | நன்று |
| ஜூலை–செப்டம்பர் புழுக்கம் | சுமார் | மோசம் | நன்று | மிக நன்று |
| நவம்பர் புகை | பாதுகாப்பு இல்லை | பயனில்லை | அடைத்த அறை, கெட்ட காற்று | நன்று |
| மூச்சுக்காற்று | ஜன்னல் திறந்தால் நன்று | நன்று | மோசம் | நன்று |
| அறைக்கு மின்சாரம் | 120 வாட் | 500 வாட் | 2 கிலோவாட் | 2 கிலோவாட்டுக்குச் சற்று மேல் |
| தண்ணீர் | இல்லை | நிறைய | இல்லை | இல்லை |
| சத்தம் | குறைவு | அதிகம் | குறைவு | குறைவு |
| கரண்ட் போனால் | இன்வெர்ட்டரில் ஓடும் | நிற்கும் | நிற்கும் | நிற்கும் |
| பராமரிக்க | பள்ளி ஆளே போதும் | தினமும் வேலை | தெரு மெக்கானிக் | ஒப்பந்தக்காரர் |

## சோலார் எங்கே வருகிறது

சோலாரை ஐந்தாவது வழியாகக் கேட்கிறார்கள். அது குளிர்விக்கும் வழி இல்லை, பில்லைக் குறைக்கும் வழி. டெல்லியில் ஒரு கிலோவாட் பேனல் வருஷத்துக்கு 1,300, 1,400 யூனிட் தரும், பத்துச் சதுர மீட்டர் இடம் பிடிக்கும். பள்ளி பகலில்தான் ஓடுகிறது, வெயிலும் பகலில்தான். இதைவிடப் பொருத்தமான கட்டடம் இல்லை. விடுமுறையில் உற்பத்தியாவது நெட் மீட்டரிங்கில் மின்வாரியத்துக்குப் போய், ஜூலை, ஆகஸ்ட் பில்லில் கழியும். பேனலின் நிழல் கூரைக்கும் உதவும்.

ஆனால் வரிசை முக்கியம். ஜோர் பாகில் இருக்கும் சுற்றுச்சூழல் அமைச்சகக் கட்டடம், இந்திரா பர்யாவரண் பவன், 2014-ல் திறந்தது, 930 கிலோவாட் சோலார் வைத்திருக்கிறது. தன் தேவையைத் தானே உற்பத்தி செய்யும்படி அதை வடிவமைத்தார்கள். அது முடிந்ததற்குக் காரணம் முதலில் நிழல், நடுமுற்றம், சிக்கனமான குளிர்விப்பு என்று தேவையைக் குறைத்தது. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை.

கம்பெனியே முதல் போட்டு, யூனிட்டுக்குக் காசு வாங்கும் ரெஸ்கோ முறையில் சேர்ந்தால் ஒப்பந்தம் இருபது, இருபத்தைந்து வருஷம் நீளும். பின்னால் ஐந்தாவது மாடி எழுப்பும் எண்ணம் இருந்தால் கையெழுத்துக்கு முன் அதைப் பேசுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை தூசி துடைக்க ஆளும் குழாயும் மாடியில் வேண்டும்.

## மயூர் விஹார் நண்பரிடம் சொன்னது

ஒரு வழியை எடுத்து 24 அறைக்கும் ஒட்ட வேண்டாம் என்றேன். எல்லா அறைக்கும் நல்ல கூரை, நிழல், பிஎல்டிசி விசிறி, இஆர்வி. மேல்மாடியின் ஆறு அறை, மழலையர் வகுப்பு இரண்டு, கம்ப்யூட்டர் லேப் ஆகிய ஒன்பதுக்கு மட்டும் இப்போது ஸ்ப்ளிட் ஏசி. சாப்பாட்டுக் கூடத்துக்குப் பெரிய கூலர் ஒன்று. மீதிப் பதினைந்து அறைக்கும் ஏசிக்கான கேபிள் குழாய், தண்ணீர் வடியும் பைப், வெளி யூனிட் நிற்க லெட்ஜ் எல்லாம் இப்போதே கட்டிவிடுவது. ஏசி பிறகு, பணமும் தேவையும் வரும்போது. லோடு இன்று மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மட்டும் வாங்கினால் போதும்.

"பேரன்ட்ஸ் மீட்டிங்ல என்ன சார் சொல்றது? ஏசி இல்லையான்னு கேப்பாங்களே" என்றார். வகுப்புக்கு ஒரு கரியமில வாயு மீட்டர் மாட்டச் சொன்னேன். பக்கத்துப் பள்ளியின் ஏசி அறையில் காட்டும் எண்ணையும் இங்கே காட்டும் எண்ணையும் பெற்றோரே பார்க்கட்டும். பிள்ளை என்ன காற்றை மூச்சிழுக்கிறது என்று தெரிந்தால் எந்த அம்மாவும் அப்பாவும் அதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம் அவரிடம் கேட்டேன், ஸ்லாப் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று. முதல் மாடி பீம் வரும் செவ்வாய்க்கிழமை வார்க்கிறார்களாம். குழாய் போக வேண்டிய இடங்களில் வார்க்கும் முன்பே நான்கு அங்குல ஸ்லீவ், அதாவது வழிவிடும் குழாய்த்துண்டு வைக்காவிட்டால் பின்னால் பீமை உடைக்கவும் முடியாது, துளை போடவும் கூடாது. ஸ்லீவ்களுக்கும், இஆர்விக்காக ஜன்னலுக்கு மேலே சுவரில் விட வேண்டிய ஓரடித் திறப்புகளுக்கும் அன்றிரவே கையால் படம் வரைந்து, தளத்தில் இருக்கும் மேஸ்திரிக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். காலையில் அவரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது: கட்டிய கம்பிகளுக்கு நடுவே ஆறு வெள்ளைப் பிவிசி துண்டுகள்.